வரியைப் படியுங்கள், எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்

ஐயா, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் ஆங்கில மெயில்களில் இலக்கணம் சரி, இயல்பாக இல்லை என்கிறார் மேலாளர். ஆங்கிலச் சொற்றொடர்ப் புத்தகம் ஒன்றை மனப்பாடம் செய்தேன். பலனில்லை. வேறு எதை வாங்கலாம்? படம் பார்த்தால் வருமா?
எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

படம் காதுக்கு நல்லது, மெயிலுக்கு உதவாது. அதை விடுங்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, யாரும் யாருக்கும் எழுதாத வாக்கியங்களை உருப்போட்டிருக்கிறீர்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-ல் வந்த கோபில்ட் அகராதி, மக்கள் நிஜமாக எழுதிய, பேசிய வாக்கியங்களைத் திரட்டி, அவற்றிலிருந்தே எடுத்துக்காட்டு கொடுத்தது. அந்த வேலையை இன்று நீங்களே செய்யலாம். 'கோகா' (COCA) என்கிற அமெரிக்க ஆங்கில வாக்கியத் தொகுப்பில் 1990 முதல் 2019 வரையிலான நூறு கோடிச் சொற்கள் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் இலவசமாகத் தேடலாம்.

முழு வாக்கியத்தைப் போட்டுத் தேடாதீர்கள். ஒன்றும் வராது, தப்பு போலிருக்கிறது என்று பயந்துவிடுவீர்கள். இரண்டு மூன்று சொல் போதும், அவை வருகிற நிஜ வரிகள் கிடைக்கும்.

வந்ததும் எத்தனை வரி என்று மட்டும் பார்த்துவிட்டு ஓடுவீர்களே, அங்கேதான் எல்லாம் கெடும்! 'மேரீட் வித் எ டாக்டர்' என்று நம் வாயில் வரும். 'மேரீட் வித்' என்று தேடினால் நிறையவே விழும். அப்பாடா, சரிதான் என்று எழுதிவிடுவீர்கள். ஒவ்வொரு வரியிலும் தேடிய சொல்லுக்கு வலப்பக்கத்தைப் படியுங்கள் அம்மா. 'மேரீட் வித் டூ சில்ரன்' என்று பிள்ளைகள்தான் நிற்பார்கள். டாக்டர் மாப்பிள்ளை வேண்டுமென்றால் 'மேரீட் டு'.

சில சமயம் விஷயம் இடப்பக்கம் இருக்கும். கணக்குப் பிரிவில் தினமும் எழுதுகிற 'பேமென்ட் இஸ் பெண்டிங் சின்ஸ் மார்ச்' இருக்கிறதே, அதில் 'பெண்டிங் சின்ஸ்' மட்டும் போட்டுத் தேடுங்கள். வினைச்சொல் வருகிற வரிகளில் 'ஹேஸ் பீன்', 'ஹேவ் பீன்', 'ஹேட் பீன்' என்றுதான் முன்னால் நிற்கும். உங்கள் 'இஸ்' அங்கே ஒட்டாது. குறைந்தது பத்து வரியாவது இருபுறமும் படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள். கூகுள் காட்டும் எண்ணிக்கையை நம்பவே நம்பாதீர்கள், அது தோராயக் கணக்கு.

லண்டன் வாடிக்கையாளர் என்றால் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்று பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கும் இப்படி ஒரு தொகுப்பு இருக்கிறது. பத்துக் கோடிச் சொற்கள், ஆனால் 1990-களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இன்றைய மெயில் வழக்கை அதில் தேட வேண்டாம்.

பொருந்தும் வரி கிடைத்தால் சொல்லை மட்டும் பிய்த்தெடுக்காமல் முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு 'பெண்டிங் சின்ஸ்' போதும்.