மாநாட்டு மையம் கட்டினால் ஊர் வளருமா? டொராண்டோவில் நான் பார்ப்பது

பெரிய மாநாட்டு மையம் வந்தால் ஊரும் சுற்றுவட்டாரமும் வளரும் என்கிறார்களே, கனடாவில் அப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடந்திருக்கிறது, ஆனால் கட்டடத்தால் மட்டும் அல்ல. டொராண்டோ டவுன்டவுனில் ஒரு ஹோட்டலின் விருந்துப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஷிஃப்ட் அட்டவணையே மாநாடுகளைப் பார்த்துத்தான் போடப்படும்.

ஃபிரண்ட் தெருவில் உள்ள மெட்ரோ டொராண்டோ மாநாட்டு மையம் 1984இல் திறந்தது. முன்பு அந்த வட்டாரம் முழுக்க ரயில்வே நிலம். சிஎன் டவர் 1976லேயே வந்துவிட்டது. 1989இல் ஸ்கைடோம் மைதானம், 1997இல் மையத்தின் தெற்குக் கட்டடம், 2015இல் விமான நிலையத்திலிருந்து மையத்துக்குப் பக்கத்தில் உள்ள யூனியன் ஸ்டேஷனுக்கு 25 நிமிட ரயில் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இன்று விமானத்தில் வந்து இறங்குகிறவர் டாக்சி பிடிக்காமல், மூடிய நடைபாதை வழியாகவே அரங்குக்குள் போய்விடலாம். இந்தக் குளிரில் அது பெரிய விஷயம்.

மார்ச் தொடக்கத்தில் பிடிஏசி என்ற சுரங்கத் தொழில் மாநாடு நடக்கும். இருபதாயிரம் பேருக்கு மேல் வருவார்கள். பூமியைத் துளைத்து எடுத்த பாறையை உருளை உருளையாக நீளப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். நிலவியல்காரர்கள் லென்ஸை கண்ணோடு ஒட்டிவைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் அதே ஆட்கள் எங்கள் ஹோட்டலின் சின்ன அறைகளில் முதலீட்டாளர்களோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாரம் எங்களில் யாருக்கும் லீவு கிடையாது. டொராண்டோவில் சுரங்கம் இல்லைதான். ஆனால் சுரங்கக் கம்பெனிகள் பணம் திரட்டும் பங்குச் சந்தை, மையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. இங்கே பேசி முடிகிற பணம் வடக்கே சட்பரி, டிம்மின்ஸ் போன்ற சுரங்க ஊர்கள் வரை போகும். சுற்றுவட்டார வளர்ச்சி என்று நான் நம்புவது இதைத்தான்.

அப்படி வேர் இல்லாத மாநாடு எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடும். கொலிஷன் என்ற தொழில்நுட்ப மாநாடு 2019இல் டொராண்டோவுக்கு வந்தது. 2025இல் பெயரை மாற்றிக்கொண்டு வான்கூவருக்குப் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. விமான நிலையத்துப் பக்கத்து அரங்குகளில் நடக்கும் கண்காட்சிகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர்க்காரர்கள். அங்கே செலவழிக்காவிட்டால் அந்தப் பணத்தை ஊருக்குள் வேறு கடையில் செலவழித்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்து மூன்று ராத்திரி தங்குகிறவர் கொண்டுவருவதுதான் புதுப் பணம். எந்த மையமாவது இத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று சொன்னால், அதில் எத்தனை பேர் ராத்திரி தங்கினார்கள் என்று கேளுங்கள்.

அந்தப் பணம் ஒரே நாளில் நின்றும் போகும். 2003 ஏப்ரலில், சார்ஸ் என்ற தொற்றுநோய்ப் பயத்தில், டொராண்டோவில் நடக்கவிருந்த அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் மாநாடு கடைசி நேரத்தில் ரத்தானது. இப்படி ரத்தாகும்போது முதலில் வேலை இழப்பது, கூப்பிட்டால் மட்டும் ஷிஃப்டுக்கு வருகிற ஆட்கள். பலர் ஸ்கார்பரோ, பிராம்ப்டன் போன்ற புறநகர்ப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள்.

2022இல் மாண்ட்ரியலில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் வேறொரு பிரச்சினை. ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டிய பலருக்கு விசா கிடைக்கவில்லை. அந்த நோயால் மிக அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் ஆட்களையே வெளியே நிறுத்தினால், அடுத்த முறை அந்த மாநாட்டை எதற்காகக் கனடாவுக்குக் கொண்டுவருவார்கள்? என்னைக் கேட்டால், அரங்கை இன்னும் பெரிதாக்குவதற்கு முன் அரசு இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.