அம்பது டாலருக்கு ஒரு கம்பைலர்

கேள்வி: நல்ல புரோகிராமிங் மொழின்னா தானாவே பரவிடும், விலை விளம்பரமெல்லாம் அப்புறம்தான்னு எங்க சார் சொல்றாரு. அப்படியா?
– கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர், திருநெல்வேலி

பதில்: சார் மேல மரியாதை இருக்கு, ஆனா இதை நான் ஒத்துக்க மாட்டேன். நல்ல மொழியா இல்லையான்னு தெரியணும்னாலே முதல்ல அது நம்ம கைக்கு வரணும் இல்லையா?

1983ஐ எடுத்துக்கோங்க. ஏடாங்கிற புரோகிராமிங் மொழிக்கு அமெரிக்க ஸ்டாண்டர்ட் கிடைச்ச வருஷம். பின்னாடி நின்னது அமெரிக்க ராணுவத்துறை, அதைவிட பெரிய சிபாரிசு வேற என்ன வேணும்? மொழியும் நல்ல மொழி, இன்னிக்கும் விமானத்துல ஓடுது. ஆனா அதோட கம்பைலர், அதாவது நாம எழுதறதை கம்ப்யூட்டர் ஓட்டற மாதிரி மாத்தித் தர்ற சாஃப்ட்வேர், அதோட விலை பெரிய கம்பெனிக்குத்தான் கட்டுப்படியாகும், வீட்ல ஒரு கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்க எட்டிக்கூட பாக்க முடியல. ஜிநாட்ங்கிற இலவச கம்பைலர் வர்றதுக்கு 90கள் ஆயிடுச்சு, அதுக்குள்ள ஜனங்க வேற மொழிக்கு பழகிட்டாங்க.

அதே 1983 நவம்பர்ல போர்லேண்ட்னு ஒரு குட்டி கம்பெனி பாஸ்கல் மொழிக்கு டர்போ பாஸ்கல்ங்கிற கம்பைலரை விட்டுச்சு, விலை 49.95 டாலர். மத்த பாஸ்கல் கம்பைலர் பலதும் நூத்துக்கணக்கான டாலர், அதுலயும் எடிட்டர் தனி கம்பைலர் தனி துண்டுகளை ஒண்ணா சேர்க்கிற லிங்கர் தனி, பிளாப்பியை மாத்தி மாத்தி போட்டுட்டு உக்காந்திருக்கணும். ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் எழுதின இந்த கம்பைலர்ல எடிட்டரும் கூடவே இருந்துச்சு, புரோகிராம்ல தப்பு இருந்தா கர்சரை அந்த எடத்துலயே கொண்டுபோய் நிறுத்தும். அந்த காலத்துல இது எவ்ளோ பெரிய சந்தோஷம்னு யோசிச்சு பாருங்க!

விளம்பரத்துக்கு அவங்ககிட்ட காசே இல்ல. பைட்ங்கிற கம்ப்யூட்டர் பத்திரிகையோட விளம்பர ஆள் வந்தப்போ ஆபீஸ் பிசியா தெரியணும்னு ஆளுங்களை கூட்டி உக்கார வச்சு, கடனுக்கே முழுப்பக்க விளம்பரம் வாங்கினோம்னு கம்பெனி தலைவர் பிலிப் கான் பின்னாடி பேட்டியில சொன்னாரு. அந்த விளம்பரத்தோட பலமே அதுல போட்டிருந்த விலைதான்னு நான் நினைக்கிறேன், அதே பக்கத்துல 500 டாலர்னு இருந்தா பாத்துட்டு திருப்பியிருப்பாங்க. லைசன்ஸும் புத்தகம் மாதிரி, யார் வேணா யூஸ் பண்ணலாம், ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல ஓடக்கூடாது, அவ்ளோதான்.

நம்ம காலேஜ் லேப்ல கன்ட்ரோல் எஃப்9 தட்டி ஓட்டின அந்த நீல ஸ்கிரீன் டர்போ சி அதே கம்பெனியோடதுதான், எத்தனையோ பேருக்கு முதல் புரோகிராம் அதுல.

ஜாவா கதையும் இதுக்கு பக்கத்துலதான். 1995ல சன் கம்பெனி அதை பெரிய விளம்பரத்தோட இறக்குச்சு, நெட்ஸ்கேப் பிரவுசர்லயும் ஏத்துச்சு, ஆனா ஜாவாவுல புரோகிராம் எழுத தேவையான டெவலப்பர் கிட்டை யார் வேணா சும்மா டவுன்லோட் பண்ணிக்கலாம்னு விட்டதுதான் பெரிய விஷயம். ஸ்மால்டாக்ங்கிற மொழியை நேசிச்சவங்க அப்போ நல்ல டூல் வேணும்னா ஆயிரக்கணக்குல டாலர் குடுக்க வேண்டியிருந்துச்சு, அந்த அருமையான மொழி அப்படி ஒதுங்கினது எனக்கு இன்னிக்கும் வருத்தம்.

கேள்வி: நானே ஒரு சின்ன மொழி எழுதறேன். இலவசமாத்தான் குடுக்கப்போறேன், அது போதுமா?
– வாசகி, கோவை

பதில்: போதாதும்மா. இப்போ பெரும்பாலான மொழிங்க இலவசம்தான், ஆளுங்க குடுக்கறது அவங்க நேரம். கோ மொழிக்கு பிரவுசர்லயே எழுதி ஓட்டிப் பாக்க ஒரு பக்கம் வச்சிருக்காங்க பாருங்க, எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். நீங்களும் அப்படி ஒண்ணு முதல்ல செய்ங்க, கூடவே பத்து சின்ன உதாரண புரோகிராம் போடுங்க, லோகோ டிசைனை அப்புறம் பாத்துக்கலாம்.