கிரெட்ஷ்மர்: ஜெர்மன் பெயரா, செக் பெயரா?

கேள்வி: என் கணவரின் குடும்பப்பெயர் கிரெட்ஷ்மர். பூட்டனார் பிரெஸ்லாவ் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அசல் ஜெர்மன் பெயர் என்கிறார் மாமனார். செக் பெயர் என்று இணையத்தில் படித்தேன். எது சரி? முன்னோரை எங்கே தேடுவது?

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. செக் மொழியில் 'க்ர்ச்மா', போலிஷில் 'கர்ச்மா' என்றால் கிராமத்துச் சத்திரம். சாப்பாடும் மதுவும் கிடைக்கும் இடம். அதை நடத்துபவர் செக்கில் 'க்ர்ச்மார்ஷ்'. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் சிலேசியாவுக்கும் (பிரெஸ்லாவ் இருக்கும் பகுதி) லவுசிட்ஸுக்கும் (இன்றைய ஜெர்மனி-போலந்து எல்லைப் பகுதி) குடியேறிய ஜெர்மானியர்கள் இந்தச் சொல்லை அக்கம்பக்கத்து ஸ்லாவிய (செக், போலிஷ் போன்ற மொழிகள் பேசும்) மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது அவர்கள் பேச்சில் 'கிரெட்ஷம்' ஆனது, சத்திரக்காரர் 'கிரெட்ஷ்மர்' ஆனார். வடக்கே பிராண்டன்பர்க், பொமரேனியா பக்கம் இதே தொழில்காரருக்கு குரூகர் என்று பெயர்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். சொல் ஸ்லாவியம் என்பதால் முன்னோரும் ஸ்லாவியர் என்று முடிவுகட்ட முடியாது. வீட்டில் ஜெர்மன் மட்டுமே பேசிய சத்திரக்காரருக்கும் இந்தப் பெயர் வந்திருக்கும். நோவாக் (Noack) என்ற பெயரின் கதை வேறு. அது லவுசிட்ஸில் வாழும் சிறிய ஸ்லாவிய இனமான சோர்பிய மக்களுடைய 'நோவக்', அதாவது ஊருக்குப் புதிதாக வந்தவர். அந்தப் பெயர் இருந்தால் சோர்பிய வேரைத் தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

ஜெர்மனியின் சாக்சனி மாநில முதலமைச்சர் மிகாயேல் கிரெட்ஷ்மர் போலந்து எல்லையை ஒட்டிய கோர்லிட்ஸில் பிறந்தவர். பெயரின் சொந்த நிலம் அது. தென்மேற்கு ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க்கில் 2011-இல் முதலமைச்சரான வின்ஃபிரீட் கிரெட்ஷ்மனின் பெற்றோர் அன்று ஜெர்மனியில் இருந்த கிழக்கு பிரஷ்யாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-க்குப் பிறகு இப்படி இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். அதனால் இன்றைய முகவரியை வைத்துத் தேடாதீர்கள்.

முதலில் பூட்டனாரின் கிராமப் பெயரை உறுதி செய்யுங்கள். பிரெஸ்லாவ் இன்று போலந்தின் விரோட்ஸ்வாஃப். கிராமத்துக்கும் போலிஷ் பெயர் வந்திருக்கும். பிரெஸ்லாவ் அப்போது இருந்த பிரஷ்யாவில் பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1874 அக்டோபரில் தொடங்கியது. போலந்தில் 100 ஆண்டு கடந்த பிறப்புப் பதிவேடுகள் அரசு ஆவணக் காப்பகங்களுக்குப் போகின்றன; பலவற்றை அவர்களின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1874-க்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான் துணை. எனவே குடும்பம் கத்தோலிக்கமா, புராட்டஸ்டண்டா என்று மாமனாரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

தேடும்போது கிரெட்ஸ்ஷ்மார், கிரெட்ஷ்மன் போன்ற எழுத்து வடிவங்களையும் விடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: பழைய ஏடுகளில் 'கிரெட்ஷ்மர்' என்பது சில இடங்களில் வெறும் தொழில் குறிப்பு. கிடைத்தால் திருமணப் பதிவைப் பாருங்கள். பெரும்பாலும் தந்தையின் பெயரும் தொழிலும் தனித்தனியே இருக்கும்.