புதுச் சாலை போட்ட பிறகு மழைநீர் வீட்டுக்குள் வருவது ஏன்? என்ன செய்யலாம்?

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போடுவதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு முறைக்கு 4 செ.மீ. என்றாலும் ஐந்து முறையில் 20 செ.மீ.; வாசல் பள்ளமாகிவிடும். சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று 2021-லேயே அப்போதைய தமிழகத் தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். காகிதத்தில் எல்லாம் சரிதான்.

சாலைப் பணியின் மதிப்பீட்டில் ‘மில்லிங்’ (பழைய தாரைச் சுரண்டுவது) இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம், அதனால் வேலை தொடங்கும் முன்பே மனு போடுங்கள். சுற்றுச்சுவரில் இப்போதைய சாலை மட்டத்தைப் பெயின்ட்டால் குறித்துப் படமெடுங்கள். சுரண்டும் ஆழம் புதுத் தாரின் தடிமனுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒப்புக்குக் கீறிவிட்டுப் போவதும் உண்டு.

மட்டம் உயராமலேயே நீர் நின்றால், வடிகாலின் நுழைவாயைப் பாருங்கள். தார் அடைத்திருக்கும், அல்லது வாய் சாலையைவிட உயரமாக இருக்கும். சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யலாம்.