முடிச்சு தெரிந்த பிறகு எதற்கு டிக்கெட்?

கேள்வி: ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 1958இல் வந்த படம். அதைத் துடைத்து மெருகேற்றி மறுபடி மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். முடிவைத்தான் இன்டர்நெட்டில் ஊரே சொல்லிவிட்டதே! சஸ்பென்ஸ் போன சஸ்பென்ஸ் படத்துக்குக் காசு கொடுப்பவன் ஏமாளிதானே?

பதில்: ஊருக்கு முன்னால் ஹிட்ச்காக்கே சொல்லிவிட்டார் ஐயா. படம் முடிய அரை மணி நேரம் போல இருக்கும்போதே நாயகி ஜூடி ஒரு கடிதம் எழுத உட்காருகிறாள், நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. எழுதியதைக் கிழித்தும் போட்டுவிடுகிறாள். மூலமான பிரெஞ்சு நாவலில் ரகசியம் கடைசிவரை பத்திரமாக இருக்கும். படத்தில் அதைப் பாதி வழியில் போட்டு உடைத்தார்கள். அப்புறம் விஷயம் தெரியாமல் திரிகிறவன் கதாநாயகன் ஸ்காட்டி ஒருவன்தான். செத்துப்போன தன் காதலியின் சாயலுக்கு ஜூடியை மாற்றப் பார்த்து, முடியின் நிறத்தை மாற்று, அந்தச் சாம்பல் நிற உடையைப் போடு என்று அவன் அவளைப் படுத்துகிற பாட்டை நாம் நாற்காலியில் நெளிந்துகொண்டே பார்க்கிறோம். இரண்டாம் தடவை பார்ப்பவருக்கு அந்த நெளிவு முதல் ரீலிலேயே ஆரம்பித்துவிடும். (பார்க்காதவர்களுக்காக ரகசியத்தை இங்கே அவிழ்க்கவில்லை. ஊர் செய்கிற வேலையை நானும் செய்வானேன்?)

கெட்டுப்போனது முடிச்சு இல்லை, நிறம். பழைய படங்களைச் சீரமைக்கும் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் படத்தைக் கையில் எடுத்தபோது நெகட்டிவ் வெளுத்துக் கிடந்தது. நிறம் நிறமாகப் பிரித்து எடுத்துவைத்திருந்த மூன்று சுருள்களும் ஆளுக்கொரு அளவில் சுருங்கி, ஒன்றோடொன்று பொருந்த மறுத்தன. சரி, 1958இன் பச்சை எப்படி இருந்தது? யாரைக் கேட்பது? படத்தில் வரும் பச்சை ஜாகுவார் காரின் பெயின்ட் மாதிரியை வாங்கி அதோடு ஒத்துப்பார்த்தார்கள்.

பச்சைக்கு இவ்வளவு பாடா என்பீர்கள். அந்த ஹோட்டல் அறையை நினைத்துப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே நியான் பலகை, அறை முழுக்க அதன் வெளிச்சம். குளியலறைக் கதவைத் திறந்து ஜூடியாக நடிக்கும் கிம் நோவாக் அந்தப் பச்சை மூட்டத்துக்குள் நடந்து வருகிறார். செத்தவள் திரும்பி வந்ததுபோல் ஸ்காட்டி விறைத்து நிற்கிறான். பச்சை வெளுத்துவிட்டால், குளியலறையிலிருந்து ஒரு பெண் வருகிறாள், அவ்வளவுதான். 1996 அக்டோபரில், கதை நடக்கும் சான் பிரான்சிஸ்கோவிலேயே, காஸ்ட்ரோ தியேட்டரில் 70 எம்.எம்.மில் ரசிகர்கள் திரும்பப் பெற்றது இதைத்தான். கையளவு செல்போனில் முடிவு கிடைக்கும். இது கிடைக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் கட்சிக்கு வருகிறேன். அந்த 1996 பிரதியில் காலடி, துப்பாக்கி வெடி போன்ற சத்தங்களைப் புதிதாகச் செய்து சேர்த்தார்கள். ஹிட்ச்காக்கின் ஒலிக் குறிப்புகளைப் பார்த்துத்தான் செய்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் காட்சியில், மொட்டைமாடித் துரத்தலில் வெடிக்கும் துப்பாக்கி 1958ஆம் வருஷத்துத் துப்பாக்கி இல்லை. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பதானால் அதற்குக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.