நீர்வழிக்கு ஓடும் மகன்

சகோதரி, கதவு திறந்தால் ஆட்டிசம் உள்ள உங்கள் ஆறு வயது மகன் சிங்கப்பூரின் பொங்கோல் நீர்வழிக்கு ஓடுவதாக எழுதியிருந்தீர்கள். அடம் என்று திட்டாதீர்கள். நீரில் மினுங்கும் வெளிச்சமும், உடம்பைச் சுற்றி ஒரே சீராக அழுத்தும் நீரும் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆசைக்குக் குளியலறையில் வாளியும் குவளையும் கொடுங்கள். கையெட்டும் தூரத்திலேயே இருங்கள். நீச்சல் வகுப்பில், சட்டை காலணியோடும் மிதக்கப் பழக்கச் சொல்லுங்கள். நீச்சலுடை மாட்டிக்கொண்டா ஓடப்போகிறான்? கதவின் உச்சியில் தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் மணியும் வேண்டும்.

காணவில்லை என்றால் விளையாட்டு மைதானம் பிறகு. முதலில் நீர்வழி, நீச்சல் குளம், கால்வாய். மழையில் கால்வாய் சட்டென்று நிரம்பிவிடும். ஒருவர் ஓடும்போதே மற்றவர் காவல்துறையை 999இல் அழைக்கட்டும். கீழ்த்தளக் காப்பிக்கடைக்காரரிடம் இன்றே அவன் படத்தைக் காட்டி வையுங்கள்.