கன்னியாஸ்திரி சம்பளத்தில் டிடிஎஸ்: ராயபுரம் நண்பருக்கு

அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் உங்கள் சித்தி ஏழ்மை வார்த்தைப்பாடு (தனக்கென்று சொத்து வைத்துக்கொள்வதில்லை என்ற உறுதி) எடுத்தவர், சம்பளம் முழுக்க அவருடைய துறவற சபைக்கே போகிறது, பிறகு எதற்கு டிடிஎஸ் (சம்பளம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியை எழுப்பிய வழக்கு முடிந்துவிட்டது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் பிடிக்கலாம் என்றே சொல்லிவிட்டன. சம்பளம் அவர் பெயரில் வருகிறது. சபைக்குக் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சிலர் அரசியல் சாசனத்தின் 27-வது பிரிவைக் காட்டுவார்கள். அது ஒரு குறிப்பிட்ட மதத்துக்கென்றே ஒதுக்கும் வரியைப் பற்றியது, இங்கே உதவாது.

சித்தி பெயரில் வருமான வரி ரிட்டர்ன் போடுங்கள். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி, சம்பளம் மட்டுமே வருமானம், அதுவும் 12.75 லட்சத்துக்குள் என்றால் வரியே கிடையாது. பிடித்த பணம் திரும்பி வரும். ரீஃபண்ட் வாங்க அவர் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், சபைக் கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள்.